எதையும் வாங்காத பயணிக்கு இந்தச் சாலை என்ன தருகிறது?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் செங்கம் சாலைக்கு இரண்டு வேலை. கிரிவலம் வருபவர்கள் அக்னி லிங்கத்தைக் கும்பிட்டு, சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமத்தையும் ரமணாசிரமத்தையும் கடந்து, எமலிங்கம் தாண்டி வலப்பக்கம் திரும்பும் வரை நடப்பது இந்தச் சாலையில்தான். லாரிக்காரருக்கும் பெங்களூரு பஸ்ஸுக்கும் இது புதுச்சேரியையும் கிருஷ்ணகிரியையும் இணைத்த பழைய 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் இப்போது எண் 77. செருப்பில்லாத காலும் பத்துச் சக்கர லாரியும் ஒரே தார்ச்சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. வழிப்பயணிக்கு ஒரு சாலை என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பதை எடைபோட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரில் நெடுஞ்சாலைத் தங்கல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அது உடனே சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. எந்த இடத்தில் காபி நன்றாக இருக்கும், எங்கே தோசைக்குக் கொள்ளை விலை என்பதே விவாதம். சென்னை–திண்டிவனம் சாலை முழுக்க முளைத்த ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நான் வைக்கும் அளவுகோல் வேறு. எதையும் வாங்காத ஒருவர் அங்கே இறங்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆணுக்குக் கிடைப்பது, இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்கும் கிடைக்குமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல முடியாத இடத்தை உணவகம் என்று சொல்லலாம், கடை என்று சொல்லலாம். பயணிகளுக்கான தங்கல் என்று சொல்ல முடியாது.

ரமணாசிரமம் இருக்கும் இடத்தில் நின்று இதைக் கேட்கும்போது, அங்கே பிறகு ரமணர் என்று அறியப்பட்டவரின் பயணமே முதல் சாட்சியாக வருகிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று பதினாறு வயது வெங்கட்ராமன் மதுரையில் ரயில் ஏறினான். விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் இருந்தது இரண்டரை அணா. பசி. ஓர் ஓட்டலில் நண்பகல் வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினான். உன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஓட்டல்காரர் காசை வாங்கவில்லை. இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயில். அதற்கு மேல் நடை. அரகண்டநல்லூர்க் கோயிலில் தங்கலாம் என்று உட்கார்ந்தவனை, நடை சாத்த வேண்டும் என்று எழுப்பி அனுப்பினார்கள். கீழூர்க் கோயிலில் சோறு கேட்டபோது இல்லை என்றார்கள். அங்கிருந்த மேளக்காரர்தான் தன் பங்கைக் கொடுத்தார். மறுநாள் முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடமே அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். அன்றிரவு ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான்.

பக்திக் கண்ணோடு படித்தால் இதில் அருள் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாலையின் கதையாகவும் இதைப் படிக்கலாம். லாபத்துக்கு நடக்கும் ஓட்டல் காசை மறுத்தது. தர்மத்துக்கென்று இருந்த கோயில் கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரன் கட்டிய ரயில் நிலையம் படுக்க இடம் கொடுத்தது. எந்த நிறுத்தத்தில் என்ன கிடைக்கும் என்பது அங்கே நின்ற ஆளின் மனசைப் பொறுத்தே அமைந்தது. மேளக்காரர் அன்று இல்லாமல் போயிருந்தால்? ஒரு ஏற்பாட்டை மதிப்பிடும்போது அந்த ‘இல்லாமல் போயிருந்தால்’தான் முக்கியம். நல்ல மனிதர்கள் இல்லாத இரவிலும் அந்த ஏற்பாடு நடக்க வேண்டும்.

அப்படி நடக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு செய்து பார்த்திருக்கிறது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரங்கள் கட்டியதை நாட்டுப்புறம் இன்றும் மறக்கவில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. சுமை இறக்கி வைக்கக் கல்லில் சுமைதாங்கி நட்டோம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. இந்த ஏற்பாட்டின் உச்சம் தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேசுவரம் போகும் வழியில் எழுந்த சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் இரண்டாம் சரபோஜி நிறுவியது. அதற்கு ஓராண்டு முன்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று சரபோஜி விவரிக்கிறார். வழிப்போக்கர் எல்லாருக்கும் சாப்பாடு, நடுநிசியில் மணியடித்து, விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டுச் சோறு, கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியம், வழியில் பிரசவ வலி கண்டவளுக்குப் பிரசவமும் பத்தியமும், இறந்துபோனவருக்கு ஈமக்கடன்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நடுநிசி மணி. சாப்பிட வந்தவருக்குப் போடுவது ஒன்று. வராதவர் யார் என்று தேடுவது வேறொன்று. இரண்டாவதைச் செய்ய நினைத்த நிர்வாகம் பயணியின் பக்கத்தில் நின்று யோசித்திருக்கிறது. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இரக்கம் மட்டும் என்று சொல்லிவிடக் கூடாது. சத்திரத்துக்கு நிலமும் ஊர்களின் வருமானமும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. பயணி வாசலுக்கு வரும்போது அவருடைய சோற்றுக்கான பணம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அவர் மடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை சத்திரத்துக்கு இல்லை.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சத்திரம் சாதி பார்த்தது. பந்தி தனித்தனி, சமைத்துப் போட்டது சிலருக்கு, அரிசியாகக் கொடுத்தது சிலருக்கு, ஒரே சாதிக்கென்று எழுந்த சத்திரங்கள் திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றியும் உண்டு. ரமணாசிரமத்தின் உணவுக்கூடத்திலேயே ஒரு காலத்தில் ஆசாரம் பார்ப்பவர்களுக்கென்று தடுப்பு இருந்ததை அக்கால அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய சத்திரத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பேசுபவர்கள் இதை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள். அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணம் ஏற்பாடான முறையையும் நடுநிசி மணியையும். பந்தி பிரித்ததைத் தலைமுழுக வேண்டியதுதான்.

இனி இன்றைய மோட்டல். நள்ளிரவு தாண்டி பஸ் சாலையை விட்டு இறங்கி ஒரு மண் திடலில் நிற்கிறது. கண்டக்டர் கைப்பிடிக் கம்பியைத் தட்டி, “சாப்பிடறவங்க சாப்பிடலாம், வண்டி பத்து நிமிஷம் நிக்கும்” என்கிறார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறுகிறது. ஜன்னலோரம் வந்து பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் விற்கும் பையன்கள் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்கிறார்கள். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால். வாசலில் மேசை போட்டு ஒருவர் சில்லறை வாங்குகிறார். உள்ளே, அடிப்பக்கம் துருவேறிப் பிய்ந்த தகரக் கதவு, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் மக். ஆண்களில் பாதிப் பேர் அங்கே போகாமல் வேலியோர இருட்டில் ஒதுங்குகிறார்கள். பெண்களில் பாதிப் பேர் இறங்குவதே இல்லை. இரவு பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். எல்லா மோட்டலும் இப்படி என்று சொல்லமாட்டேன். கார்க்காரர்களை நம்பி நடக்கும் உணவகங்கள் அதே சாலையில் கண்ணாடி போலத் துடைத்த கழிப்பறை வைத்திருக்கின்றன. அதுதான் விஷயத்தை இன்னும் தெளிவாக்குகிறது. சுத்தமாக வைக்கத் தெரியாமல் இல்லை. பஸ் பயணிக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஏன் அப்படி முடிவு செய்ய முடிகிறது? கார்க்காரர் பிடிக்காவிட்டால் அடுத்த இடத்தில் நிறுத்துவார். பஸ் பயணி நிறுத்தத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பது போக்குவரத்துக் கழகமும் மோட்டல்காரரும் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. தனியார் வண்டி என்றால் டிரைவரின் பழக்கத்தில் இருக்கிறது. மோட்டல்காரர் தரப்பையும் கேட்க வேண்டும். நிற்கும் பஸ்ஸுக்கு அவர் பணம் கட்டுகிறார். டிரைவர், கண்டக்டருக்குச் சாப்பாடு போடுகிறார். விடிய விடிய ஆள் வைத்து அடுப்பெரிக்கிறார். அந்தச் செலவு தோசை விலையில்தான் ஏறும். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் கேள்வி தப்பிவிடும். ஒப்பந்தத்தில் அதிகப் பணம் தருபவருக்கு நிறுத்தம் என்று வைத்தால், பயணியைப் பிழிபவர்தான் ஜெயிப்பார். அவரைத் தேர்ந்தெடுத்தது விதி.

இங்கே சட்டத்தில் ஒரு வேடிக்கையான இடைவெளி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, இரவில் தங்க வேண்டிய இடத்தில் தொழிலாளிக்கு ஓய்வறை இருக்க வேண்டும் என்றது; பெரிய நிறுவனங்களில் கேன்டீன் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு வழியில் என்ன உரிமை என்று அதில் இருந்ததில்லை. பெட்ரோல் பங்க்கில் குடிநீரும் காற்றும் கழிப்பறையும் இலவசமாக இருக்க வேண்டும் என்ற விதி எண்ணெய் நிறுவனங்களுக்கு உண்டு. அது வாடிக்கையாளருக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பது 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தனியார் பங்க்கின் கழிப்பறையைப் பொதுக் கழிப்பறையாக்க முடியாது என்று முதலில் இடைக்கால உத்தரவு வந்தது. பிறகு தேசிய நெடுஞ்சாலையோரப் பங்க்குகளில் வழிப்பயணிக்கும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அது திருத்தப்பட்டது. நான் கேட்கும் கேள்வியும் இதேதான். அதைக் கேட்க ஒரு வழக்கு தேவைப்பட்டது என்பதே நம் நிலைமையைச் சொல்கிறது.

பிரிட்டனில் முதல் நீண்ட விரைவுச்சாலையான எம்-1, 1959 நவம்பர் 2 அன்று திறந்தபோதே அதன் ஓரத்தில் வாட்ஃபோர்டு கேப் தங்கலும் திறந்தது. அங்கும் தனியார்தான் நடத்துகிறார்கள். சாப்பாடு மோசம், விலை கொள்ளை என்று அறுபது ஆண்டுகளாக அந்த மக்களும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட வாடிக்கையாளரிடம் வியாபாரி நடந்துகொள்ளும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. வித்தியாசம் அரசு வைத்த நிபந்தனையில். சாலையோரத்தில் பலகை வைக்க வேண்டுமானால் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வண்டி நிறுத்த இலவசம். கழிப்பறை இலவசம், எதையும் வாங்க வேண்டியதில்லை. லாரி டிரைவர் குளிக்க இடமும் உடைமையைப் பூட்டி வைக்கப் பெட்டியும் வேண்டும். இரண்டு தங்கல்களுக்கு இடையில் 28 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஜப்பானில் 1993-இல் 103 இடங்களோடு தொடங்கிய ‘மிச்சி-நோ-எக்கி’ சாலை நிலையங்களிலும் நிறுத்துமிடமும் கழிப்பறையும் நாள் முழுதும் இலவசம். அதற்கு மேல்தான் உள்ளூர் விவசாயியின் காய்கறிக் கடை. தோசை விலையை அரசு கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்பதை இந்த இரண்டு நாடுகளும் காட்டுகின்றன. வாங்காதவருக்கு உரியது எது என்று எழுதி வைத்தால் போதும்.

இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் 2021-இல் 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக 600-க்கும் மேற்பட்ட இடங்களில் வழியோர வசதி மையங்கள் கட்டுவதாக அறிவித்தது. திட்டம் நல்லது. ஆனால் அது பெரிய சாலைகளையும் கார்களையும் மனதில் வைத்தே வரையப்பட்டது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வரும் ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் பயணம் செய்பவர் பெரும்பாலும் பஸ்ஸிலும் வேனிலும் வருபவர். கிரிவலத்துக்கு வேன் பிடித்து வரும் கிராமத்துப் பெண்கள் வழியில் ஒதுங்க என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் வயல், புளியமரம், இருட்டு என்றுதான் பதில் வருகிறது.

அப்படி வந்து சேர்பவரைத்தான் செங்கம் சாலை வரவேற்கிறது. இங்கே முதலில் மனசார ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பசியோடு போக யாரையும் இந்த ஊர் விடுவதில்லை. மோர், பானகம், பொங்கல், தக்காளி சாதம், பால். தண்ணீர்ப் பந்தலில் டிரம்மைச் சாய்த்து ஊற்றிக்கொண்டே இருக்கும் பையன்கள். யார், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. சத்திரம் செய்யத் தவறியதை இந்த அன்னதானப் பந்தல் செய்துவிட்டது. ரமணாசிரமத்தில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பு சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுவது பௌர்ணமிக்கு மட்டும் உரிய ஏற்பாடல்ல. முன்கூட்டி எழுதிக் கேட்டு வருபவர்களுக்குத் தங்க அறை தருகிறார்கள். அதற்குக் கட்டணம் வைக்கவில்லை, காணிக்கை அவரவர் விருப்பம். பழைய கல் மண்டபங்களில் இன்றும் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காலை நீட்டலாம். என் முதல் கேள்விக்கு, எதையும் வாங்காதவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு, சோறு, தண்ணீர், நிழல் ஆகிய மூன்றிலும் இந்தச் சாலை எந்த நெடுஞ்சாலை மோட்டலையும்விட வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடுகிறது. பௌர்ணமி இரவில் கழிப்பறை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். பெண்கள் வரிசை ஆண்கள் வரிசையைவிடப் பல மடங்கு நீளம். வரிசையில் நிற்கும் வயதான பெண்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்கிறார்கள். முட்டி வலியோடு எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள். நள்ளிரவுக்கு மேல் உள்ளே தண்ணீர் நின்றுவிடுகிறது. வாளியோடு அலையும் துப்புரவுப் பணியாளருக்கு முகக்கவசம் கிடையாது, கையுறை கிடையாது. தற்காலிகக் கழிப்பறைகள் கொண்டுவந்து வைக்கிறார்கள். கூட்டம் அதையும் விழுங்கிவிடுகிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் நிலைமை வேறு மாதிரி மோசம். கட்டி வைத்த கழிப்பறை பூட்டிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்று கேட்டால் கைகாட்டிக்கொண்டே போகிறார்கள். பெங்களூரு போகும் லாரி டிரைவருக்கோ இந்தச் சாலையில் எதுவுமே இல்லை. அவர் குளிப்பது எங்கோ ஒரு பம்ப்செட்டில். தூங்குவது ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

சோற்றில் இவ்வளவு தாராளமாக இருக்கும் ஊர் கழிப்பறையில் ஏன் கையை இறுக்குகிறது? சோறு போட்டால் புண்ணியம். டீ விற்றால் காசு. கழிப்பறை கழுவினால் இரண்டுமே வராது. பந்தலில் உபயதாரர் பெயர் எழுதலாம், மின்விசிறியில் கூட எழுதலாம். கழிப்பறைச் சுவரில் தன் அப்பா பெயரை எழுத யாரும் முன்வருவதில்லை. அதைக் கழுவும் வேலையை ஒரு சில சாதிகளின் தலையில் கட்டிய பழைய பழக்கமும் இதற்குள் இருக்கிறது. யார் தொட்டாலும் தீட்டு என்று நினைத்த வேலைக்கு நன்கொடை எப்படி வரும்? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. மனசில் அது இன்னும் வரவில்லை. தர்மமும் சந்தையும் ஒருசேரக் கைவிட்ட இந்த ஒரு வசதியைச் செய்ய வேண்டியவர் சாலையை வைத்திருப்பவர்தான். செய்வதற்கான பணமும் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது. சென்னையிலிருந்து வரும் பஸ் பரனூரிலும் ஆத்தூரிலும் டோல்கேட்டில் கட்டணம் கட்டித்தான் வருகிறது. சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலத்தின் இடத்தில் இன்று நிற்பது அந்தக் கட்டணம்.

என் தீர்ப்பு இது. பஸ் நிற்கும் மோட்டல், இன்றிருக்கும் வடிவில், பயணிக்கான தங்கல் என்ற பெயருக்குத் தகுதியில்லாதது. அதைத் திருத்தச் சோதனையும் அபராதமும் போதாது. நிறுத்தத்தைக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பணத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, இலவசக் கழிப்பறையின் நிலையை முதலிடத்தில் வைத்துப் புள்ளி போட வேண்டும். அந்தப் புள்ளியைப் போடுபவர்களில் பாதிப் பேர் இரவு பஸ்ஸில் போகும் பெண்களாக இருக்க வேண்டும். செங்கம் சாலையை நான் தேறியதாகவே சொல்வேன், ஆனால் பாதி மதிப்பெண்ணோடு. நிழலுக்கும் சோற்றுக்கும் அதனிடம் மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கழிப்பறைக்கும் டிரைவருக்கும் அது வாட்ஃபோர்டு கேப்பிடம்தான் போய்க் கற்க வேண்டும்.

செய்ய வேண்டியதும் பெரிதல்ல. கிரிவலப் பாதை நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் இடத்துக்கு அருகில், பௌர்ணமிக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் பார்க்காமல் திறந்திருக்கும் ஒரு நிரந்தரத் தங்கல். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற கணக்கில் கழிப்பறை, டிரைவர்கள் குளித்துப் படுக்க ஒரு கூடம், கைக்குழந்தைக்காரிக்கு ஒரு அறை. சாப்பாட்டுக் கடை அங்கே வேண்டியதே இல்லை; சோற்றை ஊர் பார்த்துக்கொள்ளும். கட்டுவதற்குப் பணம் கொடுக்க ஆள் வருவார்கள், திறப்பு விழாவுக்கும் வருவார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் தண்ணீருக்கும், மூன்று ஷிஃப்ட் ஆட்களின் முழுச் சம்பளத்துக்கும், அவர்களின் கையுறைக்கும் பூட்ஸுக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் கட்டினால், சாவி யாரிடம் என்று தேட இன்னுமொரு கட்டடம்தான் சேரும்.